லேசர் வச்ச கை

தம்பிக்கு என்ன, படையா தேமலா? சரி, சொல்ல வேண்டாம். தோல் டாக்டர்ட்ட வந்து உக்காந்திருக்கிற மனுசன்ட்ட என்ன சீக்குன்னு கேக்கப்பிடாது. அது ஒரு மரியாத. எனக்கு ஒரு சீக்கும் கெடையாது, அதனால நான் சொல்லலாம். இப்படித் தள்ளி உக்காருங்க, ஃபேன் காத்து இங்கதான் நல்லா வருது.

நமக்குச் சுரண்டை. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல தங்கப்பழம் பரோட்டா ஸ்டால். தங்கப்பழம் நான்தான். எங்க அப்பா அரிசிக்கடை வச்சிருந்தாக, நான் அதப் பரோட்டாக்கடை ஆக்குனேன். ஆக்குனேன்னா, கல்லாவுல உக்காந்து ஆக்குனேன். மாவத் தொட்டதில்ல. தொழில் தெரிஞ்சவன வச்சு அவன்ட்ட வேல வாங்கத் தெரியணும், அதுதான் முதலாளிக்கு லெச்சணம்.

அப்படி நான் வச்ச ஆளுதான் உச்சிமாகாளி. எங்க பரோட்டா மாஸ்டர். இந்தக் கதையே அவன் கதைதான். அவன் கையோட கதைன்னு வச்சுக்கிடுங்க.

நாப்பது வயசு இருக்கும் அவனுக்கு. ஆளு பனைமரம் கணக்கா நெடுநெடுன்னு நிப்பான். பேச்சு கெடையாது. கேட்டாத்தான் வாயத் திறப்பான், அதுவும் ஒரு வார்த்த, ரெண்டு வார்த்த. ஆனா அந்தக் கை இருக்கே தம்பி, தோள்பட்டையில தொடங்குன முடி விரல் கணு வரைக்கும் விடாம வரும். கம்பளியச் சுத்துன மாதிரி. பனியனோட நின்னாலும் முழுக்கைச் சட்ட போட்டு நிக்கான்னுதான் தூரத்துல வாரவன் நெனைப்பான். அந்தக் கையால மாவ எடுத்து வீசுனான்னா காத்துல வேட்டி விரிஞ்ச மாதிரி விரியும். அதப் பாக்கதுக்குன்னே சாயங்காலம் ரோட்டுல ஆளு நிக்கும். பாத்துட்டுச் சும்மா போக மனசு வராது, உள்ள வந்து உக்காந்துருவாக. ஒருநாள் சால்னாவுல உப்பு கூடிப்போச்சு, அன்னைக்கும் ஒருத்தன் தட்டுல மிச்சம் வைக்கல. பாத்த மயக்கம்.

இப்படி ஓடிக்கிட்டிருந்த கடைக்கு, போன ஆடியில ஒரு பாங்கு ஆபிசர் வந்தாரு. மாத்தலாகி வந்தவரு, ஊருக்குப் புதுசு. பரோட்டாவப் பிச்சாரு, நிறுத்திட்டாரு. சத்தம் போடல, சண்ட போடல. போன எடுத்து ஒரு போட்டோ பிடிச்சாரு, காசக் குடுத்தாரு, போயிட்டாரு. மறுநாப் பாத்தா ஊரு பூரா அந்தப் போட்டோதான். கம்ப்யூட்டர்ல நம்ம கடை பேரத் தட்டுனா மொத மொத அந்த முடிதான் வருதாம்.

நானும் பாத்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும். நுனியெல்லாம் செவப்பு, அடியில மட்டும் வெள்ள. பாத்த ஒடனே எனக்கு விளங்கிட்டு. மாஸ்டர் கை முடிதான், வேற என்ன. அனல்லயே நிக்கான்லா, வெக்கையில நுனி செவந்திருக்கு. அடி வெள்ளையா இருக்கது மைதா. ஒரு சாண் எப்படின்னு எம்பொஞ்சாதி கேட்டா. மாவோட சேத்து இழுபட்டிருக்கும்ட்டின்னு சொன்னேன். பரோட்டா மாவு எதத்தான் இழுக்காது? அவ உள்ள போயிட்டா.

எனக்கு ரொம்ப மனசுக்குச் சங்கடமாப் போச்சு. ஏன்னா சுத்தத்துல நான் அப்படி. இந்தத் தலையப் பாருங்க. அறுவது வயசுல இப்படிப் பிடரி வரைக்கும் முடி யாருக்கு இருக்கு? வாரந்தவறாம மருதாணி. கல்லாவுல எப்பவும் சீப்பு இருக்கும், சும்மா இருக்கிற நேரமெல்லாம் பின்னால வழிச்சு வழிச்சுச் சீவிக்கிட்டே இருப்பேன். எனக்குப் பின்னால ஒரு டேபிள் ஃபேன். முன்னால மாவு மேச. கல்லாவையும் மாவு மேசயையும் ஒட்டிப் போட்டிருக்கேன், அப்பத்தான் ஒரு கண்ணு வேல நடக்கிற இடத்துல இருக்கும். இப்படியெல்லாம் பாத்துப் பாத்து வச்ச கடையில ஒரு முடி. அதுவும் அடுத்தவன் கையால.

வேற முதலாளின்னா ஆள மாத்தியிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்ல. முடியத்தான மாத்தணும், ஆள ஏன் மாத்தணும்? தென்காசியில செல்போன் கடைக்கு மாடியில லேசர் வச்சு முடிய எடுக்காகன்னு போஸ்டர் பாத்திருந்தேன். ஆடித் தள்ளுபடி. ஒரு கைக்குப் பணம் கட்டுனா ரெண்டு கைக்கும் வைப்பாக. உச்சிமாகாளியக் கூப்பிட்டு வெவரத்தச் சொன்னேன். அவன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தான். "முடி என்ன செஞ்சுச்சு அண்ணாச்சி?"ன்னு கேட்டான். போட்டோவக் காட்டுனேன். அவன் போட்டோவப் பாத்தான், என்னப் பாத்தான், திருப்பிப் போட்டோவப் பாத்தான். ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சம்மதம்தான?

கூட்டிட்டுப் போனேன். என் செலவு, பாத்துக்கிடுங்க.

அங்க மிசின் வைக்கதுக்கு ஒரு வயசுப் பிள்ள, கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, இவன் கையப் பாத்ததும் ரெண்டு அடி பின்னால போனா. மொதல்ல சவரம் பண்ணா. ஒரு கூடை நெறைய முடி. நான் வேல முடிஞ்சுதுன்னு எந்திச்சுட்டேன். இல்ல சார், இனிமத்தான் ஆரம்பம்ன்னா. மிசின வச்சு அமுக்க அமுக்க டப்பு டப்புன்னு வெளிச்சம். கோழிய வாட்டுன வாசம். உச்சிமாகாளி பல்லக் கடிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கான். அவன் கருப்புத் தோலுக்குச் சூட்டக் கொறைக்கணும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது போல. இதெல்லாம் இங்கத்த டாக்டரம்மா பின்னால சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முடிஞ்சதும் அந்தப் பிள்ள, வெக்கையில நிக்கப்பிடாது, வேர்க்கப்பிடாது, தேய்க்கப்பிடாது, எண்ண படப்பிடாது, வெயிலே ஆகாதுன்னா. நான் சொன்னேன், ஏம்மா, இவன் பரோட்டா மாஸ்டர். அவ, அப்போ ஒரு வாரத்துக்குப் பரோட்டா சாப்பிட வேண்டாம் சார்ன்னா. சாப்பிடுதவன் இல்லம்மா, போடுதவன்னேன். முழிச்சா. அந்தக் கேள்வி அவ படிப்புல வரல.

பஸ்ஸுல வரும்போதே ரெண்டு கையும் வேகவச்ச நண்டு மாதிரி செவந்துட்டு. பாவூர்ச்சத்திரம் வாரதுக்குள்ள மயிர்க்கால் ஒவ்வொண்ணும் கடுகு கடுகா வீங்குது. பக்கத்துல இருந்த பொம்பள அம்மை போட்டிருக்குன்னு நெனச்சு எந்திச்சுக் கும்பிட்டுட்டு வேற சீட்டுக்குப் போயிட்டா. எப்படி இருக்குவேன்னு கேட்டேன். எரியுது அண்ணாச்சின்னான். சரி, எரிச்சல்தான, அதுக்கு ஒரு வழி பண்ணாப் போச்சுன்னு சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே பரோட்டாக் கல்லுல நிப்பாட்டிட்டேன். கடைய மூட முடியுமா? போட்டோ வந்ததுக்குப் பொறவு மூடுனா, ஊரு என்ன நெனைக்கும்?

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும் தம்பி. அவன நான் கஷ்டப்படுத்துனேன்னு பேசுதாக. பேசுதவுக, அவன் எரிச்சலுக்கு நான் பட்ட பாட்டப் பாக்கல.

குளுர்ச்சியா ஒத்தடம் குடுக்கணும்னு அந்தப் பிள்ள சொல்லியிருந்தா. அவ்வளவு ஐஸுக்கு எங்க போக? மீன் மார்க்கெட்டுல போயி ரெண்டு பாளம் வாங்கி, வாளியில ஒடச்சுப் போட்டு, கல்லுக்குப் பக்கத்துல வச்சேன். ஒரு பரோட்டா திருப்புவான், கைய ஐஸுல முக்குவான், அடுத்ததத் திருப்புவான். எரிச்சல் அடங்குச்சு. ஆனா மீன் வாசம். இன்னைக்கு மீன் சால்னாவான்னு ஆளுக கேக்க ஆரம்பிச்சுட்டாக. இல்லன்னா கோவப்படுதாக, வாசம் வருதே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லங்கியன்னு. தெருவுல உள்ள பூனையெல்லாம் அடுப்புக்கு அடியில வந்து வரிசையா உக்காந்துட்டு. உச்சிமாகாளி வீட்டுக்குப் போனா அதுவளும் பின்னாலயே போகுமாம்.

சரின்னு ஐஸ விட்டுட்டுக் கத்தாழைக்கு வந்தேன். குளத்தங்கரையில போயி நானே அறுத்தேன், வேட்டியெல்லாம் முள்ளு. பொளந்து அந்தச் சோத்த ரெண்டு கையிலயும் அப்பிவிட்டேன். நல்ல மருந்துதான், கொற சொல்ல முடியாது. ஆனா அது வழுக்கும்லா. மாவ வீசுனா மாவு நிக்கல. ஒண்ணு நேரா ஃபேன்ல போயிச் சிக்கி, சுத்திச் சுத்தி, ஒரு கல்யாண பார்ட்டி தலையில விழுந்துச்சு. சால்னாவுல பச்சையா என்னமோ மெதக்குதுன்னு ஒருத்தரு கேட்டாரு. மல்லித்தழைன்னு சொன்னேன்.

பொறவுதான் எனக்கு மூள வேல செஞ்சுது. வெக்கைதான ஆகாது? கல்லு இங்க இருக்கட்டும், ஆளு அங்க நிக்கட்டும். முருங்கைக்கா பறிக்கத் தொரட்டி வச்சிருந்தேன். அது நுனியில சட்டுவத்தக் கட்டி, உச்சிமாகாளிய வாசப்படியில நிப்பாட்டி, அங்கன நின்னுக்கிட்டே திருப்பச் சொன்னேன். தூண்டில் போடுத மாதிரி திருப்புனான். கெட்டிக்காரன்தான், பத்துக்கு ஏழு சரியா விழும். ஒண்ணு மட்டும் கை தவறி எகிறி, ரோட்டுல போன சங்கரன்கோயில் பஸ் கூரையில போயி விழுந்துட்டு. அந்தப் பரோட்டா எனக்கு முன்னால சங்கரன்கோயில் பாத்திருக்கும். ஆனா கூட்டம் வந்துச்சு தம்பி. அதச் சொல்லணும். கூட்டம் வந்துச்சு. சாப்பிட வரல, பாக்க வந்துச்சு.

ஒரு வாரம் போச்சு. செவப்பு கொறையுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன், கையில கருப்புக் கருப்பா முடி எட்டிப் பாக்குது. என்னவே, செலவழிச்சு எடுத்தது திரும்ப மொளைக்குதேன்னு தொட்டேன். தொட்ட ஒடனே உதிருது. தென்காசிக்குப் போன் போட்டுக் கேட்டா, அப்படித்தான் சார், செத்த முடி ரெண்டு மூணு வாரத்துக்கு உதிரும், நல்லதுதாங்கா அந்தப் பிள்ள. நல்லதா? இருவது வருசமா அவன் கையிலருந்து ஒரு முடி உதிர்ந்து நான் கண்ணால கண்டதில்ல. இப்பத்தான் உதிருது, முடி விழப்பிடாதுன்னு வைத்தியம் பாத்த பொறவு. அவன் பொஞ்சாதி பேச்சியம்மா, பழைய வேட்டியக் கிழிச்சு ரெண்டு கைக்கும் தலகாணி உற மாதிரி தச்சுக் குடுத்தா. அதப் போட்டுக்கிட்டு அவன் வெக்கையில நிக்க, உள்ளுக்குள்ள வேர்த்து, அரிச்சு, சொறிஞ்சு, கொப்புளமே வந்துட்டு. கொப்புளம் ஆறுன எடமெல்லாம் கருப்புக் கருப்பாப் பட்டை. அந்த மிசின் வச்ச எடம் பட்டை, வைக்காத எடம் வெளுப்பு. வரி வரியா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரிக்குதிர மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டு. ரெகுலரா வாரவுக, பழைய மாஸ்டர் எங்கவேன்னு எங்கிட்டயே கேக்காக. இந்தா நிக்கான்லான்னு காட்டுனா நம்ப மாட்டேங்காக. கையப் பாத்துட்டு, இவன் வேற ஆளு, ருசியே இல்லங்காக. அதே மாவு, அதே எண்ண, அதே ஆளு.

அப்பத்தான் பேச்சியம்மா கடைக்கு வந்தா. பீடி சுத்துதவ. சொளவுத் தட்டுல இலையும் தூளும் வச்சுக்கிட்டு நேரா வந்து கல்லாவுக்கு முன்னால தரையில உக்காந்தா. என்னம்மான்னேன். அவ பீடியச் சுத்திக்கிட்டே, நிமிந்து பாக்காம சொன்னா.

"முடியோடதான் வேலைக்கு அனுப்புனேன் அண்ணாச்சி. முடியோட திருப்பிக் குடுங்க."

நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இது என் செலவும்மா, ஆடித் தள்ளுபடியில கெடச்சுதும்மா, ஊருல எத்தன பேரு இதுக்கு ஏங்குதாகன்னு. அவ கேக்கல. அவுகளுக்கு ஒரு பொம்பளப் பிள்ள, சின்னது, இன்னும் பள்ளிக்கூடம் போகல. அது பொறந்ததுலருந்து அப்பன் கை முடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குமாம். பிடிக்கப் பிடிக்கக் கண்ணு சொருகுமாம். இப்போ அவன் பக்கத்துல படுத்தா, கையத் தடவிப் பாத்துட்டு, அப்பா எங்கன்னு கேட்டு அழுதாம். நான்தாம்மா அப்பான்னு இவன் சொல்லுதானாம். குரலு சரியா இருக்கு, கை சரியில்லன்னு அந்தப் பிள்ள கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிடுதாம். இவன் தரையில படுத்துக்கிட்டு வெறும் கைய நீட்டிக்கிட்டே இருப்பானாம், விடிய விடிய.

அதக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதுக்குப் பொறவுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அவ சொல்லி இல்ல, நானாத்தான். அவளும் கூட வந்தா, சொளவோட.

டாக்டரம்மா இவன் கையப் பாத்தாக. ரொம்ப நேரம் தொட்டுத் தொட்டுப் பாத்தாக. யாருக்கு இந்த முடி வேண்டாம்னு தோணுச்சுன்னு கேட்டாக. நான் கையத் தூக்குனேன். நல்ல காரியம் பண்ணவன யாருன்னு கேக்காகன்னு நெனச்சேன். அவுக என்னத் திட்டுன திட்டு இருக்கே, இந்த வாசல்ல உக்காந்திருந்த ஆளுகல்லாம் எட்டிப் பாத்தாக. இவன் தோலுக்குத் தகுந்த மிசின் இல்லையாம், சூடு கூடிப்போச்சாம், அதுக்கு மேல என் அடுப்பு வேறயாம். பயப்பட வேண்டாம், கருப்பு மெதுவாப் போயிரும், மாசக்கணக்காகும்னாக. சாயங்காலம் தடவ ஒரு களிம்பு, வெளிய போனா வெயிலுக்குப் பூச ஒரு கிரீம், தொளதொளன்னு பருத்திச் சட்ட, பச்சத்தண்ணி, சொறியப்பிடாது. நான் சொல்லுத வரைக்கும் அடுப்புப் பக்கமே போகப்பிடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டாக.

நான் கேட்டேன், அம்மா, அடுப்புலருந்து எத்தன அடி தள்ளி நின்னாப் பரவால்ல? என்ட்ட தொரட்டி இருக்கு. அவுக எழுதுதத நிறுத்திட்டு, அடுத்த தெருவுல நிக்கட்டும்னாக.

போகும்போது என் தலையவே ரொம்ப நேரம் பாத்தாக. கடையில எங்க உக்காருவீங்கன்னு கேட்டாக. கல்லாவுல, மாவு மேசைக்குப் பக்கத்துலன்னேன். என்னமோ சொல்ல வந்தாக, பொறவு அடுத்த டோக்கனக் கூப்பிட்டுட்டாக. பொறாமதான் தம்பி, வேறென்ன. அவுகளுக்கே நெத்தி ஏறிக் கெடக்கு.

ஊருக்கு வந்து வேற மாஸ்டர் தேடுனேன். எல்லாவனும் குத்தாலச் சீசனுக்குப் போயிட்டான். வேற வழியில்ல. நானே கல்லுல நின்னேன். உச்சிமாகாளிய என்ன செய்ய? சம்பளத்தக் குடுத்துச் சும்மா வீட்டுல உக்கார வைக்க நான் என்ன கலெக்டரா? கல்லாவுல வச்சேன். அங்க ஃபேன் இருக்கு, வெயில் படாது, அடுப்பு தூரம். அவன் கைக்கு அதுதான் தோது.

நான் போட்ட பரோட்டாவ வட்டம்னு சொல்ல முடியாது. இலங்கை மாதிரி வரும், சில நேரம் ஆஸ்திரேலியா மாதிரி. ஆளுக பரிதாபப்பட்டுச் சாப்பிட்டாக. அது பரவால்ல, பழகிட்டா வந்துரும். ஆனா தம்பி, முடி. முந்தி என்னைக்கோ ஒருநாள் ஒண்ணு. நான் கல்லுல நிக்க ஆரம்பிச்ச பொறவு தட்டுக்குத் தட்டு. நீள நீளமா, அதே செவப்பு. எனக்குப் பயமே வந்துட்டு. அவன் முடி அந்த அளவுக்குக் கடைக்குள்ள எறங்கியிருக்கு, ஆளு தள்ளிப் போயும் விடல. சுவருக்கு வெள்ளை அடிச்சேன். மாவுச் சாக்க மாத்துனேன். கல்லையே மாத்துனேன். எண்ணெயத் துணி போட்டு வடிகட்டுனேன். குனிஞ்சு குனிஞ்சு தேடுனேன், கண்ணு தெரியாம மாவுக்குள்ள தலைய விட்டுத் தேடுனேன். தேடத் தேடக் கூடுதே தவிர கொறையல.

ஒருநாள் அந்தப் பாங்கு ஆபிசர் திரும்ப வந்தாரு. தட்டுல மறுபடியும் முடி. போன எடுத்துட்டாரு. நான் சட்டுவத்தோட கல்லுல நிக்கேன். உச்சிமாகாளி கல்லாவ விட்டு எந்திச்சுப் போயி, அவருக்குப் பக்கத்துல குனிஞ்சு மெதுவாச் சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுது.

"புது மாஸ்டர் சார். இப்பத்தான் பழகுதாரு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

மாவும் கரியுமா நின்ன என்ன அவரு பாத்தாரு. மேலயும் கீழயும் பாத்தாரு. போன உள்ள வச்சுட்டாரு. வயசாளிய வேலைக்கு வச்சிருக்கீங்க, பெரிய மனசுன்னு அவன்ட்ட சொல்லிட்டுப் போறாரு. மறுநா கம்ப்யூட்டர்ல நம்ம கடைக்கு, ருசி சுமார், ஆனா முதலாளி தங்கமான மனுசன்னு போட்டிருக்காராம். எனக்குச் சந்தோசந்தான். என்னத்தான சொல்லியிருக்காரு?

அன்னைக்குக் கடை அடைக்கும்போது அவன்ட்ட மனசு விட்டுக் கேட்டேன். ஏவே, உன் கையிலயும் முடி இல்ல, நானும் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன், இன்னும் எங்கருந்துதான் வருதுன்னு. அவன் என் மூஞ்சியப் பாத்தான். சொல்லவா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி இருந்துச்சு. பொறவு சொன்னான்.

"அது கையில இல்ல அண்ணாச்சி."

எனக்கு அப்படியே மெய் சிலிர்த்துட்டு. படிக்காதவன்தான், ஆனா என்ன ஞானம் பாத்தீயளா? நம்ம கையில என்னதான் இருக்கு? எல்லாம் மேல இருக்கதுன்னேன். அவனும், ஆமா அண்ணாச்சி, மேலதான் இருக்குன்னான். சொல்லிட்டு என் தலைக்கு மேல பாத்துக்கிட்டே நின்னான். ஆகாசத்தத்தான் பாத்திருக்கான். நானும் அண்ணாந்து பாத்தேன்.

மாசம் முடிஞ்சு டாக்டரம்மா கையப் பாத்துட்டு, நல்லா ஆறியிருக்கு, இனி வேல செய்யலாம்னாக. கருப்பும் மங்கிட்டு. முடியும் கொஞ்சங்கொஞ்சமாத் திரும்ப வருது. அஞ்சாறு தடவ வச்சாத்தான் லேசர் முழுசாப் பிடிக்குமாம், ஒரு தடவைக்கு அவ்வளவுதானாம். எனக்கு வயித்தெரிச்சல். ஆனா அவன் மக, அப்பன் கையில பூன முடி கணக்கா மொளைச்சதும், ஒரு ராத்திரி கட்டிலுக்கு அடியிலருந்து வந்து, தடவிப் பாத்து, அப்பா வந்துட்டாருன்னு அம்மாட்ட சொல்லிச்சாம். இவன் அத எங்கிட்டச் சொல்லும்போது மொத தடவையா நாலு வார்த்த சேத்துப் பேசுனான். கண்ணத் தொடச்சுக்கிட்டான். நானும் தொடச்சேன். எனக்கு அடுப்புப் புகை.

சரி, இனி கல்லுக்கு வாவேன்னேன். தோல் இன்னும் கூசுது அண்ணாச்சின்னான். டாக்டரம்மா செய்யலாம்னு சொன்னாகளேன்னேன். செய்யலாம்னுதான் சொன்னாக, செய்யணும்னு சொல்லலைன்னான். இத்தன பேச்சு எங்க கத்துக்கிட்டான்னு தெரியல, கல்லாவுல உக்காந்தா வந்துரும் போல. வாரவுகள்ளாம் அவன்ட்டதான் சவுக்கியம் கேக்காக. பேச்சியம்மாவும் சொளவோட அங்கனதான் இருக்கா, ஃபேன் காத்துல. கணக்கு ஒரு பைசா தப்பல, அதனால எனக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்போ நான் ஏன் வந்திருக்கேன்னு கேக்கீயளா? யோசிச்சுப் பாத்தேன் தம்பி. அவன் கல்லுல நின்னப்போ முடி விழுந்துச்சு. இப்போ நான் நிக்கேன், விழுது. அப்போ யாரு நிக்காகளோ அவுக கை முடிதான். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். இந்தா பாருங்க, என் கையில முடி கொஞ்சந்தான், ஆனா கொஞ்சமும் முடிதான? ரெண்டு கைக்கும் லேசர் வச்சுக்கிடலாம்னு வந்தேன். அந்த மாடிக்குப் போகல, பட்டது போதும். இங்க தோல் பாத்து, சூடு பாத்து, ஓரத்துல ஒரு எடத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் வைப்பாக. முன்னாடியே எல்லாம் கேட்டுக்கிட்டேன். கத்தாழ கூட வெட்டி வச்சுட்டேன் வீட்டுல. வச்ச பொறவு ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போகாம இருக்கணும், அதுக்குத்தான் என்ன வழின்னு தெரியல. லீவு கேக்கணும்.

அவன்ட்டதான். கல்லாவுல இருக்கவன்ட்டதான கேக்க முடியும்? இன்னைக்கு இங்க வாரதுக்கே கேட்டுட்டுத்தான் வந்தேன். சரி அண்ணாச்சி, போயிட்டு வாங்க, ஆனா நாலு மணிக்கு மாவு பிசையணும்லான்னான். அதனால ஒரு உபகாரம் தம்பி. உங்க டோக்கன் எனக்கு முன்னால. கொஞ்சம் மாத்திக்கிடுவமா? உங்களுக்குப் படைதான, அது எங்கயும் போகாது.

ரெண்டே கால் பஸ்ஸப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். முதலாளி நான்தான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. கடை எம்பேருலதான் இருக்கு. ஆனா போன வாரம் கொஞ்சம் பிந்திப் போயிட்டேன். கடை நெறைய ஆளு. அவன் கோவப்படல, கத்தல. எல்லாரு முன்னாலயும் எந்திச்சு நின்னு, "அண்ணாச்சி, ஆளுக காத்திருக்காகல்லா?"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். செருப்பக்கூடக் கழட்டாம அடுப்புக்கு ஓடுனேன்.